வாங்குபவர் தலை குனியாமல்: வாசகர் கேள்வி – பதில்

தவக்காலம் தொடங்கியதும் எங்களுக்கு வரும் கடிதங்களில் பாதி ஒரே விஷயத்தைச் சுற்றித்தான் இருக்கும். யாருக்குக் கொடுப்பது, எவ்வளவு கொடுப்பது, ஏமாற்றுகிறவருக்குக் கொடுத்தால் புண்ணியமா பாவமா? மத்தேயு 25-ஆம் அதிகாரம் எல்லாருக்கும் மனப்பாடம். பசி, தாகம், ஆடை, அந்நியர், நோய், சிறை என்று அங்கே இருப்பது ஆறு. தோபித்து நூலிலிருந்து இறந்தோரை அடக்கம் செய்வதையும் சேர்த்து ஏழு இரக்கச் செயல்கள் ஆயின. பட்டியல் தெரிந்த அளவுக்குச் செய்முறை தெரிவதில்லை. வந்த கேள்விகளில் சிலவற்றை எடுத்துக்கொண்டோம். பெயர்கள் போடவில்லை, ஊர் மட்டும் தருகிறோம்.

ஞாயிறு பூசை முடிந்து வெளியே வந்தால் கோயில் வாசலில் பத்துப் பேர் கை நீட்டுகிறார்கள். "எல்லாம் குடிக்கத்தான் போகும்" என்று என் கணவர் தடுக்கிறார். கொடுக்கலாமா, கூடாதா? (திண்டுக்கல்)

திருத்தந்தை பிரான்சிஸிடமும் இதையே கேட்டார்கள். 2017 பிப்ரவரியில், மிலான் நகரில் வீடற்றவர்கள் தெருவில் விற்கும் ஒரு பத்திரிகைக்குக் கொடுத்த பேட்டியில். கொடுப்பது எப்போதும் சரிதான் என்றார். அந்த ஒரு கோப்பை மதுதான் அவருடைய வாழ்க்கையில் மிஞ்சிய ஒரே மகிழ்ச்சி என்றால் அதுவும் இருக்கட்டும், நீங்கள் யாருக்கும் தெரியாமல் என்ன செய்கிறீர்கள் என்று உங்களையே கேட்டுக்கொள்ளுங்கள் என்றும் சொன்னார். அதைவிட அவர் அழுத்திச் சொன்னது வேறு: முகத்தைப் பார்த்து, கையைத் தொட்டுக் கொடுக்க வேண்டும்.

செய்முறைக்கு வருவோம். பர்சில் பத்து ரூபாய்த் தாள் நாலைந்து தனியாக வைத்துக்கொள்ளுங்கள். வாசலில் நின்று சில்லறை தேடுவது, "பிரித்து எடுத்துக்கோங்க" என்று ஒருவர் கையில் நூறைத் திணிப்பது, இரண்டும் சண்டையில்தான் முடியும். வாரா வாரம் வருகிறவர்தானே, பெயரைக் கேளுங்கள். அடுத்த வாரம் அந்தப் பெயரைச் சொல்லிக் கூப்பிடுங்கள். மூன்றாவது வாரம் அவரே கால் வீக்கத்தையோ, வராமல் நின்றுபோன பென்ஷனையோ சொல்வார். பத்து ரூபாய் அந்தப் பேச்சைத் தொடங்கி வைக்கும் கூலி.

கை நீட்டுவது குழந்தை என்றால் மட்டும் காசு வேண்டாம். சாப்பிட ஏதாவது வாங்கிக் கொடுத்துவிட்டு, குழந்தைகள் உதவி எண்ணான 1098-க்குப் பேசுங்கள். காசு வருகிற வரைக்கும் அந்தக் குழந்தையைப் பள்ளிக்கூடத்துக்கு விடமாட்டார்கள்.

எங்கள் இளைஞர் இயக்கம் மாதம் ஒரு ஞாயிறு 100 பேருக்குச் சாப்பாட்டுப் பொட்டலம் கொடுக்க நினைக்கிறது. அளவும் முறையும் சொல்லுங்கள். (திருச்சி)

தெருவில் இருப்பவருக்கு அன்று அது ஒரே வேளைச் சாப்பாடாக இருக்கலாம். தலைக்கு 450 கிராமுக்குக் குறையாமல் கணக்கிடுங்கள். 100 பேருக்குச் சாம்பார் சாதம் என்றால் அரிசி 9 கிலோ, துவரம்பருப்பு இரண்டரை கிலோ, காய்கறி 6 கிலோ, புளி 400 கிராம், எண்ணெய் 1 லிட்டர், உப்பு அரை கிலோவுக்குச் சற்றுக் கீழே. சாதத்தைக் குழைய விடுங்கள், பல் இல்லாத முதியவர்கள் அதிகம். முருங்கைக்காய் வேண்டாம். கேரட், பூசணி, கத்தரி போதும். காரத்தைப் பாதியாக்குங்கள், வெறும் வயிற்றில் விழப்போகும் சாப்பாடு அது.

கெட்டுப்போவது எங்கே என்று தெரிந்துகொள்ள வேண்டும். அரிசியில் இருக்கும் பாசில்லஸ் செரியஸ் என்ற கிருமியின் வித்து கொதியில் சாகாது. சாதம் வெதுவெதுப்பாகவே கிடந்தால் முளைத்து, வாந்தி உண்டாக்கும் நஞ்சைக் கக்கும். மறுபடி சூடாக்கினாலும் அந்த நஞ்சு போகாது. ஆகவே அண்டா அடுப்பில் 60 டிகிரிக்கு மேல் இருக்க வேண்டும், அதாவது கரண்டி விட்டால் ஆவி பறக்க வேண்டும். இறக்கிய நேரத்தை ஒரு தாளில் எழுதி அண்டாவில் ஒட்டுங்கள். அதிலிருந்து இரண்டு மணி நேரத்தில் கடைசிப் பொட்டலம் கைக்குப் போய்விட வேண்டும். நான்கு மணி நேரம் தாண்டி மிஞ்சியதை யாருக்கும் கொடுக்காதீர்கள். ஏழைதானே, சாப்பிட்டுவிடுவார் என்ற நினைப்பு வரும் இடம் அதுதான். காலை ஆறு மணிக்கே சமைத்து முடித்து, பூசைக்குப் போய், மறையுரை நீண்டு, பன்னிரண்டரைக்குக் கொடுக்கக் கிளம்புவதுதான் பெரும்பாலும் நடக்கும் தப்பு. பூசையை முதலில் முடியுங்கள், அடுப்பை அப்புறம் பற்றவையுங்கள்.

கொதிக்கக் கொதிக்கக் கட்டினால் பொட்டலத்துக்குள் வேர்த்து நசநசத்துவிடும். அகலத் தாம்பாளத்தில் ஐந்து நிமிடம் ஆவி விட்டுக் கட்டுங்கள். தேங்காய்ச் சட்னி வேண்டவே வேண்டாம். முட்டை கொடுப்பதானால் ஓட்டோடு கொடுங்கள், உரித்த முட்டை எல்லார் கையும் பட்டது. தண்ணீர் பாட்டில் கட்டாயம். ஜி.ஹெச். வாசலில் உறவினரைப் பார்த்துக்கொள்ள வந்து காத்திருப்பவர்களும் பசியோடுதான் இருப்பார்கள், கேட்க வெட்கப்படுவார்கள். நீங்களாகவே போய்க் கொடுங்கள்.

இவ்வளவும் சொன்ன பிறகு ஒரு யோசனை. பொட்டலத்தை விட்டுவிட்டுப் பந்தி போடப் பாருங்கள். தென்மாவட்டங்களில் திருவிழா அசனம் என்றால் எல்லாருக்கும் தெரியும்: ஒரே சோறு, ஒரே குழம்பு, ஒரே வரிசை. மாதம் ஒரு ஞாயிறு பங்கு மண்டபத்தில் நாற்பது நாற்காலி, கை கழுவத் தண்ணீர், இலை. உங்கள் ஆட்களில் பாதிப் பேர் பரிமாறட்டும். மீதிப் பேர் பக்கத்தில் உட்கார்ந்து அதே சோற்றைச் சாப்பிடட்டும். பொட்டலம் 100 கொடுக்கிற செலவில் பந்தியில் 60 பேர்தான் உட்காருவார்கள். இருக்கட்டும். வரிசையில் நின்று கை நீட்டி வாங்குவது வேறு, "இன்னும் கொஞ்சம் சாம்பார்" என்று கேட்டுச் சாப்பிடுவது வேறு.

கொடுப்பதை போட்டோ எடுத்து வாட்ஸ்அப்பில் போட்டால் மற்றவர்களும் கொடுப்பார்களே? (சென்னை)

அண்டாவைப் போட்டோ எடுங்கள். செலவுக் கணக்கைப் போட்டோ எடுங்கள். வாங்குகிறவர் முகம் வேண்டாம்.

எங்கள் பங்கில் வின்சென்ட் தே பவுல் சபை பெயருக்கு இருக்கிறது. மாதம் ஒரு நாள் பத்து விதவைகளுக்கு ஐந்து கிலோ அரிசி கொடுப்பதோடு சரி. இதை எப்படி உயிர்ப்பிப்பது? (தூத்துக்குடி)

முதலில் அரிசியை நிறுத்துங்கள். கோபப்பட வேண்டாம், காரணம் இருக்கிறது. தமிழ்நாட்டில் அரிசி அட்டை வைத்திருப்பவருக்கு ரேஷனில் அரிசி இலவசம். அவர் வீட்டில் இல்லாதது பருப்பு, எண்ணெய், சோப்பு, சிலிண்டர், வாடகை, மாத்திரை. நீங்கள் கொடுக்கும் அரிசியைப் பக்கத்து வீட்டில் பாதி விலைக்கு விற்று மாத்திரை வாங்குகிறார். அது ஏமாற்று இல்லை, அவருடைய வீட்டுக் கணக்கு. நீங்கள் வீட்டுக்குள் போயிருந்தால் நேராக மாத்திரையையே வாங்கிக் கொடுத்திருப்பீர்கள்.

இந்தச் சபை தொடங்கியதே வீட்டுக்குள் போகத்தான். 1833 ஏப்ரல் 23-ஆம் தேதி பாரிஸில் ஒரு சில மாணவர்கள் கூடினார்கள். அவர்களில் பிரெடரிக் ஓசானாமுக்கு அன்று இருபதாவது பிறந்தநாள். உங்கள் மதம் ஏழைகளுக்கு இப்போது என்ன செய்கிறது என்று வெளியார் கேட்ட கேள்விக்கு வாயால் பதில் சொல்லி மாளாது என்று அவர்களுக்குப் பட்டது. ஏழைகளின் வீட்டுப் படி ஏற அவர்களுக்குச் சொல்லிக்கொடுத்தவர் முஃப்தார் பகுதியில் பல ஆண்டு வேலை செய்த அருள்சகோதரி ரோசலி ரண்டு. ஓசானாம் 1853-இல் நாற்பது வயதில் இறந்தார். 1997-இல் அருளாளர் பட்டம் பெற்றார். ரோசலிக்கு அது 2003-இல் வந்தது.

வீடு சந்திப்பு இப்படி. எப்போதும் இரண்டு பேர். பெண்கள் மட்டும் இருக்கும் வீடு என்றால் இருவரில் ஒருவராவது பெண்ணாக இருக்க வேண்டும். ஒருவர் பேச ஒருவர் கவனிப்பதற்கும், பின்னால் பேச்சு வந்தால் சாட்சி இருப்பதற்கும்தான் இரட்டை. சாப்பாட்டு நேரத்தில் போகாதீர்கள். போவதாக முன்கூட்டிச் சொல்லுங்கள். திடீரென்று கதவைத் தட்டினால் அது சோதனை ஆகிவிடும். அவர்கள் காட்டிய இடத்தில் உட்காருங்கள், தரை என்றால் தரை. டீ கொடுத்தால் குடித்துவிடுங்கள். "வேண்டாம், சிரமப்படாதீங்க" என்று மறுப்பது பெருந்தன்மை மாதிரித் தெரியும், ஆனால் அந்த வீட்டில் அவர்கள் கொடுக்கக்கூடிய ஒரே பொருளைத் தட்டிவிடுவது அது. முதல் சந்திப்பில் நோட்டை எடுத்து எழுதாதீர்கள். முழுதும் அரை மணி நேரம் போதும்.

கண்ணில் பட வேண்டியவை சில உண்டு. பள்ளி நேரத்தில் பிள்ளை வீட்டில் இருக்கிறதா? மாத்திரை அட்டையில் பாதி அப்படியே இருக்கிறதா? இருந்தால் நாளுக்கு ஒன்றைக் குறைத்துப் போட்டு ஒப்பேற்றுகிறார் என்று அர்த்தம். சுவரில் வாரக் கடன் குழு அட்டை தொங்குகிறதா? பண வசூல் என்றைக்கு என்று கேட்டால் அந்த வீட்டின் பதற்றம் எந்தக் கிழமையில் என்று தெரிந்துவிடும். எதையும் அங்கேயே வாக்குக் கொடுக்காதீர்கள். "கூட்டத்தில் பேசிவிட்டு வருகிறோம்" என்று சொல்லி, ஒரு வாரத்துக்குள் அதே இருவர் திரும்பிப் போக வேண்டும். பத்து நாள் கழித்துப் போனால் அவர் அதற்குள் கந்துவட்டிக்கு வாங்கியிருப்பார்.

பணத்தைவிட முக்கியம் அரசிடமிருந்து அவருக்கு வர வேண்டியதைப் பெற்றுத் தருவது. முதியோர், விதவை உதவித்தொகை 2023 ஆகஸ்டிலிருந்து மாதம் 1,200 ரூபாய். விண்ணப்பம் இ-சேவை மையத்தில் போகும். நிற்பது எங்கே என்று பார்த்தால் பெரும்பாலும் மூன்று இடம்தான்: ஆதாரில் வயது தப்பு, கணவரின் இறப்புச் சான்றிதழ் எடுக்கவே இல்லை, வங்கிக் கணக்கு செயலற்றுக் கிடக்கிறது. உங்கள் உறுப்பினர் ஒருவர் இரண்டு முறை தாலுகா அலுவலகம் போனால் அந்தப் பெண்ணுக்கு ஆண்டுக்கு 14,400 ரூபாய். நீங்கள் மாதம் ஐந்து கிலோ அரிசி கொடுத்து எத்தனை ஆண்டில் அதை எட்டுவீர்கள்?

வாரக் கூட்டத்தில் ரகசியப் பையை மறுபடி கொண்டு வாருங்கள். துணிப்பை ஒன்று சுற்றி வரும், எல்லாரும் மூடிய கையை உள்ளே விட்டு எடுக்க வேண்டும். போட்டவர் யார், போடாதவர் யார் என்று தெரியாது. ரசீதுப் புத்தகம் வைத்தால் வசதியானவர்கள் மட்டும்தான் உறுப்பினராக மிஞ்சுவார்கள். மீனவரோ உப்பளத் தொழிலாளியோ வெறும் கையை விட்டு எடுக்கும் வாரமும் இருக்கட்டும். தெரு நிலவரம் அவருக்குத்தான் தெரியும். கூட்டக் குறிப்பில் குடும்பங்களுக்குப் பெயருக்குப் பதில் எண் போடுங்கள். உதவி பெறுவோர் பட்டியலை அறிவிப்புப் பலகையில் ஒட்டுகிற வழக்கம் சில இடங்களில் இருக்கிறது, கிழித்துப் போடுங்கள்.

பூசைக்கு வராதவருக்கு உதவி இல்லை என்று ஒரு விதி எங்காவது முளைக்கும். சபையின் விதியில் அப்படி எதுவும் இல்லை. சாதி, மதம் பார்க்காமல் கொடுப்பதுதான் விதி. அவர்களாகக் கேட்டால் செபியுங்கள், கேட்காவிட்டால் வேண்டாம்.

பழைய துணி சேகரிக்கிறோம். மூட்டை மூட்டையாக வருகிறது, வாங்கத்தான் ஆளில்லை. ஏன்? (கோவை)

ஏனென்றால் வருவது குப்பை. ஜிப் போன பேன்ட், ஒற்றைச் செருப்பு, கல்யாணப் பட்டு. துவைத்து, இஸ்திரி போட்டு, அளவு எழுதி, ஹேங்கரில் தொங்கவிட்டு, பத்து இருபது ரூபாய் விலை வையுங்கள். விலை இருந்தால் அவர் பொறுக்குகிறவர் இல்லை, வாங்குகிறவர். "இது எனக்கு வேண்டாம்" என்று சொல்ல உரிமை வந்துவிடும். உள்ளாடையும் நாப்கினும் மட்டும் புதிதாக வாங்குங்கள். துணி தானம் செய்கிறவர்கள் அதை நினைப்பதே இல்லை.

மரியாயின் சேனை சார்பில் தொழுநோயாளர் இல்லத்துக்கு மாதம் ஒரு முறை போகிறோம். பழம் கொடுத்து, செபமாலை சொல்லி வந்துவிடுகிறோம். புண்ணுக்குக் கட்டுப் போட உதவலாமா? ஒட்டிக்கொள்ளுமா? (கும்பகோணம்)

ஒட்டாது. நூற்றில் தொண்ணூற்றைந்து பேருக்கு இந்தக் கிருமியை எதிர்க்கும் சக்தி இயல்பாகவே உண்டு. கூட்டு மருந்து தொடங்கியவரிடமிருந்து பரவுவதில்லை. இல்லத்தில் இருக்கும் முதியவர்கள் பெரும்பாலும் எப்போதோ குணமானவர்கள். இப்போது அவர்களிடம் இருப்பது கிருமி இல்லை, உணர்ச்சி செத்த நரம்பு. அந்தப் புண்களும் நோயின் புண் அல்ல. கல் குத்தியது தெரியாமல் நடந்த புண், சூடான டம்ளரைப் பிடித்த கொப்புளம். வலி இல்லாததுதான் இங்கே நோய். வேலூரில் 1940-களின் கடைசியில் மடங்கிய விரல்களுக்கு அறுவை சிகிச்சை செய்யத் தொடங்கிய டாக்டர் பால் பிராண்ட் உலகத்துக்கு எடுத்துச் சொன்னதும் இதைத்தான்.

புண்ணுக்குக் கட்டுப் போடுவதை அங்குள்ள செவிலியரிடம் விட்டுவிடுங்கள். புண் வராமல் காப்பதில் உங்கள் கை தேவை. ஒரு டப்பில் சாதாரணத் தண்ணீர். வெந்நீர் கூடாது, சூடு அவருக்குத் தெரியாது, தோல் வெந்துவிடும். இருபது நிமிடம் காலை ஊற விடுங்கள். குதிகாலிலும் விரல் அடியிலும் தடித்த தோலைச் சொரசொரப்பான கல்லால் மெதுவாகத் தேயுங்கள். பிளேடு, கத்தி தொடவே கூடாது. தண்ணீரை ஒற்றி எடுத்துவிட்டு, ஈரம் இருக்கும்போதே தேங்காய் எண்ணெயோ வேசலினோ தடவுங்கள். நரம்பு போன தோல் வேர்க்காது, அதனால் வறண்டு வெடிக்கும். எண்ணெய் ஈரத்தை உள்ளேயே பூட்டி வைக்கும். பிறகு உள்ளங்காலைப் பாருங்கள். சிவப்போ, ஓரிடத்தில் மட்டும் சூடோ இருந்தால் அங்கே அடுத்த புண் வரப்போகிறது. இரண்டு மூன்று நாள் அந்தக் காலுக்கு ஓய்வு. வந்த புண்ணுக்கும் மருந்தைவிட நடக்காமல் இருப்பதுதான் பெரிய வைத்தியம். துர்நாற்றம், வீக்கம், காய்ச்சல் கண்டால் அன்றே ஆஸ்பத்திரி.

செருப்புதான் உங்கள் பணம் போக வேண்டிய இடம். உள்ளே மெத்தென்ற எம்.சி.ஆர். (நுண்துளை) ரப்பர், வெளியே முள் ஏறாத கெட்டி அடி, பின்னால் வார். ஆணி அடித்த செருப்பு கூடாது, ஒட்டியதும் தைத்ததும்தான் சரி. வார் இல்லாத ரப்பர் செருப்பு நழுவிவிடும், நழுவியது அவருக்குத் தெரியாது. பழத்தோடு பிடி வைத்த டம்ளர் வாங்கிப் போங்கள். கண் மூட முடியாதவருக்குக் கருப்புக் கண்ணாடி.

உங்கள் ஊரில் யாருக்காவது தேமலில் உணர்ச்சி இல்லை என்று தெரிந்தால் ஆரம்ப சுகாதார நிலையத்துக்கு அழைத்துப் போங்கள். மருந்து இலவசம், வகையைப் பொறுத்து ஆறு மாதம் அல்லது ஒரு வருடம். நடுவே இரண்டு காரணத்தால் விட்டுவிடுவார்கள்: சிறுநீர் சிவக்கும், தோல் கறுக்கும். இரண்டும் மருந்தின் நிறம், ஆபத்து இல்லை என்று முன்பே சொல்லிவையுங்கள். திடீரெனத் தேமல் சிவந்து வீங்கினாலோ, நரம்பு வலித்தாலோ, கை கால் தளர்ந்தாலோ அது வேறு. ஒரு நாளும் தாமதிக்கக் கூடாது, நரம்பு நிரந்தரமாகப் போய்விடும். அப்போதும் மருந்தை நிறுத்தக் கூடாது.

1873-இல் ஹவாயின் மொலோக்காய் தீவில் ஒதுக்கப்பட்டிருந்த தொழுநோயாளர்களிடம் போன குரு புனித தமியான் பதினாறு வருடம் அங்கே வீடு கட்டினார், தண்ணீர்க் குழாய் போட்டார், சவப்பெட்டி செய்தார், அவர்களோடு ஒரே பாத்திரத்தில் சாப்பிட்டார். அவர் 1889-இல் அதே நோயில் இறந்தபோது மருந்து கண்டுபிடிக்கப்படவில்லை. உங்களுக்கு அந்த ஆபத்துகூட இல்லை. செபமாலைக்கு முன்னால் டப்பில் தண்ணீர் எடுத்து வையுங்கள்.

எங்கள் பங்கின் கல்லறைத் தோட்டம் நடுவில் சாதிச் சுவர் வைத்துப் பிரிக்கப்பட்டிருக்கிறது. தேரும் எங்கள் தெருவுக்கு வராது. ஏழைகளுக்கு இரக்கம் என்று மறையுரை கேட்கும்போது சிரிப்பு வருகிறது. (ஊர்ப் பெயர் வேண்டாம்)

சிரிக்க உங்களுக்கு உரிமை உண்டு. இது இன்று நேற்று வந்ததில்லை. 17-ஆம் நூற்றாண்டு மதுரை மறைப்பணியிலேயே மேல்சாதியாருக்குச் சந்நியாசி வேடத்தில் ஒரு குரு, மற்றவர்களுக்குப் பண்டாரசாமி என்று ஏற்பாடு இருந்தது. அந்தத் தற்காலிக ஏற்பாடு சுவராக இறுகிவிட்டது.

நீங்கள் கேட்பது இரக்கம் அல்ல, சட்டம். திருச்சபைச் சட்டம் எண் 208 திருமுழுக்குப் பெற்ற எல்லாரும் மாண்பில் சமம் என்கிறது. எண் 1180 பங்குக்குக் கல்லறைத் தோட்டம் இருந்தால், இறந்தவரோ உரியவர்களோ வேறு இடம் தேர்ந்துகொண்டால் ஒழிய, பங்கு மக்களை அதில்தான் அடக்க வேண்டும் என்கிறது. சாதி என்ற சொல் அங்கே இல்லை. 2003 நவம்பரில் தமிழக ஆயர்களிடம் பேசிய இரண்டாம் ஜான் பால், கிறிஸ்தவர்களுக்குள் சாதிப் பாகுபாட்டின் சாயல் இருந்தாலும் அது உண்மையான மனித ஒருமைப்பாட்டுக்கு எதிரான அடையாளம் என்றார். 2016 டிசம்பரில் இந்திய ஆயர் பேரவை தலித் மக்களுக்கான கொள்கையை வெளியிட்டது. இவற்றை மேற்கோள் காட்டி, பங்குப் பேரவைக் குறிப்பேட்டில் பதிவாகும்படி எழுத்தில் கொடுங்கள், நகலை ஆயருக்கு அனுப்புங்கள். வாய்மொழியாகச் சொன்னது பங்குத்தந்தை மாறும்போது அவரோடு போய்விடும்.

எதைக் கேட்பது என்பதில் கவனம் வேண்டும். இரவோடு இரவாகச் சுவரை இடிக்கிற யோசனை பல இடத்தில் வரும். அடுத்த நாள் அது சட்டம் ஒழுங்குப் பிரச்சினையாகி, போலீஸ் காவலில் சுவர் இன்னும் உயரமாக எழும். அதற்குப் பதில் மூன்று சிறிய கோரிக்கை: அடக்கப் பதிவேடு ஒன்றே, குழிகள் வரிசைப்படி, உடலை வைத்து எடுத்துப் போகும் தூம்பாப் பெட்டி எல்லாருக்கும் பொது. வரிசை முறை வந்தால் இரண்டு பக்கத்து உடல்களும் பக்கம் பக்கமாக வரும், சுவருக்கு வேலை இல்லாமல் போகும். தேர் விஷயத்தில் வேர் எங்கே என்றால் திருவிழா வரியில். உங்கள் தெருவிடம் வரி வாங்க மறுப்பார்கள், அது சலுகை மாதிரித் தெரியும். வரி கொடுக்காதவருக்கு மண்டகப்படியும் இல்லை, கணக்குக் கேட்கும் உரிமையும் இல்லை. ஆகவே வரியை வாங்கச் சொல்லித்தான் முதலில் போராட வேண்டும்.

இன்னொன்று. 1950-ஆம் ஆண்டு குடியரசுத் தலைவர் ஆணையால் கிறிஸ்தவரான தலித்துகளுக்குப் பட்டியல் சாதித் தகுதி இல்லை. தமிழ்நாட்டில் பிற்படுத்தப்பட்டோர் சான்றிதழ்தான் கிடைக்கிறது. வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்தில் வழக்குப் போட்டால் எதிர்த்தரப்பு முதலில் பிடிப்பது இதைத்தான். புகார் எழுதும் முன் வழக்கறிஞரிடம் காட்டுங்கள்.

வீட்டு வேலைக்கு வரும் அக்காவுக்குத் தவக்காலத்தில் என்ன கொடுக்கலாம்? சேலையா, மளிகையா? (நாகர்கோவில்)

சம்பளம் என்ன கொடுக்கிறீர்கள்? கடைசியாக எப்போது கூட்டினீர்கள்? வாரம் ஒரு நாள் சம்பளத்தோடு லீவு உண்டா? 1965-இல் இரண்டாம் வத்திக்கான் சங்கம் பொதுநிலையினர் திருத்தூதுப் பணி ஏட்டின் எட்டாம் எண்ணில் இதை வெட்டொன்று துண்டு இரண்டாகச் சொல்லியிருக்கிறது: நீதிப்படி கொடுக்க வேண்டியதை அன்பளிப்பு போலக் கொடுக்கக் கூடாது. முதலில் கூலி, ஒன்றாம் தேதியே. தனி டம்ளர் வைத்திருந்தால் அதை எடுத்துவிடுங்கள். சேலை கிறிஸ்துமஸுக்கு, அவரையே கடைக்கு அழைத்துப் போய்.

கிறிஸ்துமஸுக்கு மத்திய சிறையில் கேக் கொடுத்தோம். ஆண்டு முழுதும் ஏதாவது செய்ய முடியுமா? (மதுரை)

முடியும். கேக்கைவிட அவர்களுக்குத் தேவைப்படுவது ஜாமீன்தாரர். ஜாமீன் கிடைத்தும் ஜாமீன்தாரர் இல்லாமல் உள்ளேயே கிடப்பவர்கள் உண்டு. சிறைப் பணியாளர் குரு வழியாகக் கண்காணிப்பாளரிடம் அனுமதி வாங்கி, யார் யாருக்கு ஜாமீன் உத்தரவு வந்தும் வெளியே போகவில்லை என்று கேளுங்கள். 2023 ஜனவரியில் உச்ச நீதிமன்றம் கொடுத்த வழிகாட்டுதல்படி, ஏழு நாளில் வெளியே வராவிட்டால் கண்காணிப்பாளர் மாவட்டச் சட்டப் பணிகள் ஆணைக்குழுவுக்குத் தெரிவிக்க வேண்டும். ஒரு மாதத்தில் ஜாமீன்தாரர் கிடைக்காவிட்டால் நிபந்தனையைத் தளர்த்த முடியுமா என்று நீதிமன்றமே பார்க்கலாம். காவலில் இருப்பவருக்கு வருமானம் எவ்வளவு என்று பாராமல் இலவச வழக்கறிஞர் உண்டு. இது பலருக்குத் தெரியாது, நிலத்தை விற்றுவிடுகிறார்கள்.

புதிய குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் 479-ஆம் பிரிவும் தெரிந்திருக்கட்டும். இதற்கு முன் எந்தக் குற்றத்திலும் தண்டிக்கப்படாதவர் அதிகபட்சத் தண்டனையில் மூன்றில் ஒரு பங்கு காலத்தைக் காவலில் கழித்துவிட்டால் அவரைப் பிணையில் விட வேண்டும், மற்றவர்களுக்குப் பாதி. மரண தண்டனை, ஆயுள் தண்டனைக் குற்றங்களுக்கும் ஒன்றுக்கு மேல் வழக்கு உள்ளவர்களுக்கும் பொருந்தாது. ஏழைக் கைதிகளுக்கான மத்திய அரசுத் திட்டத்தில் ஜாமீன் தொகைக்கும் அபராதத்துக்கும் உதவி கிடைக்கும். சில வகை வழக்குகளுக்கு இல்லை.

அவசரப்பட்டு நீங்களே ஜாமீன் கையெழுத்துப் போடாதீர்கள். அவர் வாய்தாவுக்கு வராவிட்டால் தொகை உங்கள் தலையில் விழும். அவருடைய குடும்பத்தைப் பார்த்து, வாய்தா தேதியை நினைவூட்ட ஒரு ஆளை நியமித்த பிறகு யோசியுங்கள். உள்ளே போனால் என்ன வழக்கு என்று கேட்காதீர்கள். வீட்டுக்குத் தகவல் சொல்ல வேண்டுமா என்று கேளுங்கள். பிள்ளைகள் பள்ளிக்குப் போகிறார்களா என்று வெளியே வந்து பார்த்து, அடுத்த முறை அதை அவரிடம் சொல்லுங்கள்.

விடுதலை நாளில் பெரும்பாலும் மாலை நேரத்தில்தான் வெளியே விடுவார்கள். கையில் பஸ் காசு இருக்காது, செல்போனும் இருக்காது, ஊருக்குக் கடைசி பஸ் போயிருக்கும். அன்று மாலை வாசலில் ஒருவர் நிற்கட்டும். ஒரு சட்டை, கைலி, டீ, வீட்டுக்கு ஒரு போன், இரவு தங்க இடம், காலையில் பஸ் ஏற்றிவிடுதல். முதல் ஒரு வாரம் தினமும் ஒரு தடவை பேசுங்கள்.